இரண்டு பிட்ச் தூரம்

அன்புள்ள கதிருக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அந்தத் தெம்பு இப்போதெல்லாம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். டேப்லட்டில் எழுத்தைப் பெரிதாக்கி அப்பா செட் பண்ணிக் கொடுத்திருக்கிறார். எழுதினால் நடுவில் நிறுத்தி டீ குடிக்கலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம். நீயும் நடுவில் "ஓகே ம்மா, ஓகே ம்மா" என்று என்னை அவசரப்படுத்த முடியாது.

நீ வடக்கே டார்வினுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அப்பாவிடம்தான் பேசுகிறாய். என்னிடம் "சாப்டியாம்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. ரொம்ப நாளைக்கப்புறம் என்னிடம் நீளமாக ஒரு கேள்வி கேட்டாய். தூரத்தில் பறக்கும் கூஸுக்கு, வாத்தைவிடப் பெரிய அந்தக் காட்டுப் பறவைக்கு, எந்தத் தோட்டா போட வேண்டும், எங்கே குறி வைக்க வேண்டும் என்று. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நீ அனுப்பிய வீடியோவை அதற்கு முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். சதுப்பு நிலம், நீயும் உன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பையன்களும், மேலே ரொம்ப உயரத்தில் கூஸ்கள் வரிசையாகப் போகின்றன. நீ கடன் வாங்கிய துப்பாக்கியால் சுடுகிறாய். ஒன்று தடுமாறுகிறது. விழவில்லை. இறக்கையை விரித்தபடியே சாய்ந்து சாய்ந்து, தூரத்தில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள் இறங்குகிறது. பையன்கள் கூச்சல் போடுகிறார்கள். யாரோ எடுத்துவரலாமா என்று கேட்க, "லீவ் இட் மேட், க்ராக்ஸ்" என்று, முதலையைச் சாக்குச் சொல்லி, உன் குரல் கேட்கிறது. அதோடு வீடியோ முடிகிறது. என் வலது கண்ணில் நடுவில் ஒரு புகைமூட்டம் இருக்கிறது, உனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பறவை சாகாமல் இறங்கியது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இன்னொரு விஷயம். கண் டாக்டர் இனிமேல் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். என் துப்பாக்கி இப்போது டீலரிடம் இருக்கிறது. டார்வினில் உன் லைசென்ஸ் பெயருக்கு மாற்றி அங்கே இருக்கும் டீலருக்கு அனுப்பவா, இல்லை விற்றுவிடவா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார். அது உனக்குத்தான் என்று நீ பன்னிரண்டாவது படிக்கும்போதே சொன்னேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை. அதுதான் இந்த வாரம் முழுக்க என் தலைவலி.

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் புத்தி மட்டும் சொல்லும் அம்மாக்களை எனக்கே பிடிக்காது.

தோட்டாவுக்குள் இருப்பது நிறையச் சின்னக் குண்டுகள். நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு கூடாது, சதுப்பெல்லாம் விஷமாகும். ஸ்டீல்தான். ஸ்டீல் ஈயத்தைவிட லேசு, அதனால் புறப்படும்போது இருக்கும் வேகம் சீக்கிரம் செத்துவிடும். அதை ஈடுகட்ட ஈயத்தில் போடும் சைஸைவிட இரண்டு சைஸ் பெரிய குண்டு போட வேண்டும். வாத்துக்கு நாம் போட்டது மூன்றாம் நம்பர். கூஸ் பெரிய உடம்பு, தடித்த இறகு. அதற்கு ஒன்றாம் நம்பர் அல்லது பிபி; நம்பர் குறையக் குறையக் குண்டு பெரிது, பிபி அதையும்விடப் பெரிது. மூன்று அங்குலத் தோட்டா போதும். மூன்றரை அங்குலம் வாங்கலாமா என்று கேட்டாய். அது தோளில்தான் அதிகமாக உதைக்கும், கூஸை அல்ல. தோள் வலிக்கும் என்று தெரிந்தால் சுடும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். ஊசிக்குப் பயந்தவன் கையை இறுக்கிக்கொள்வதுபோலத்தான். நான் வார்டில் பார்க்காததா?

பழைய ஆட்கள் அவ்வளவு தூரத்தில் அடித்தோம், இவ்வளவு தூரத்தில் அடித்தோம் என்று கதை சொல்வார்கள். ஜூடித்தின் வீட்டுக்காரர் ரான் சொல்லாத கதையா? ஜூடித் யார் என்று மறந்திருக்க மாட்டாய். நகரத்துக்கு வெளியேதான் வேலை பார்க்க வேண்டும் என்ற ரீஜனல் விசாவில் மரே ஆற்றுப் பக்கம் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக வேலை பார்த்தபோது என்னோடு வார்டில் இருந்தவள். லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து மெல்பர்னில் இருந்த உன் அப்பாவை நினைத்து அழுதுகொண்டிருந்த என்னை இழுத்துக்கொண்டு போய், பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் கிளப்பில் சேர்த்தவள் அவள்தான். வாத்து வேட்டைக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் பறவைகளை இனம் காணும் பரீட்சை எழுத வேண்டும் என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன். அப்புறம் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்ததைவிட அதற்குத்தான் அதிகம் படித்தேன். ரானின் கதைகள் எல்லாம் ஈயக் காலத்துக் கதைகள். அந்தத் தூரத்தை நீ ஸ்டீலில் தேடாதே.

குறி விஷயத்துக்கு வருகிறேன். குழாய் முனையில் இருக்கும் மணியைப் பார்க்கவே பார்க்காதே. கிரிக்கெட்டில் பேட்டைப் பார்த்துக்கொண்டா நீ பந்தை அடித்தாய்? இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பறவையின் அலகைப் பார். துப்பாக்கியைப் பறவைக்குப் பின்னாலிருந்து கொண்டு வா. வாலைத் தாண்டு, உடம்பைத் தாண்டு, அலகைத் தாண்டி முன்னால் போ, போய்க்கொண்டே விசையை இழு, இழுத்த பிறகும் நிறுத்தாதே. நிறுத்தினால் குண்டு வாலுக்குப் பின்னால்தான் போகும். எவ்வளவு முன்னால் என்று கேட்டாய். குறுக்கே போகும் கூஸ் இரண்டு பிட்ச் தூரத்தில் இருந்தால் ஓர் ஆள் ஒன்றரை ஆள் படுத்துக்கிடக்கும் நீளம். அதுவே பவுண்டரி தூரம் என்றால் மூன்று ஆள் நீளம். யாருடைய கண்ணுக்கு வெறும் ஆகாயத்தில் மூன்று ஆள் நீளம் அளக்கத் தெரியும்? அதற்குமேல் கூஸுக்கு ஒரு மாயம் உண்டு. உடம்பு பெரிதாக இருப்பதால் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும், இறக்கையை மெதுவாக அடிப்பதால் மெதுவாகப் போவதுபோலத் தெரியும். இரண்டும் பொய். வாத்தில் பழகிய கண் கூஸிடம் ஏமாறும்.

ஸ்டம்புக்கு ஸ்டம்ப் ஒரு பிட்ச் என்பது நம் வீட்டுக் கணக்கு. மீட்டர், யார்டு என்று ஜூடித் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்ன வயதிலிருந்து தெருவில் ஸ்டம்ப் நட்டு அளந்த தூரம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அப்பா கிளென் வேவர்லி மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முனையில் நிற்க வைத்து, ஒரு பிட்ச், இரண்டு பிட்ச், பவுண்டரி என்று நடந்து நடந்து காட்டினார். கையில் ஒரு வாத்துப் பொம்மையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நடைப்பயிற்சிக்கு வந்த நம்மூர் ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். கோயிலில் அடுத்த வாரம் ஒரு ஆன்ட்டி என்னிடம் வந்து, வீட்டில் எல்லாம் நலம்தானே என்று கேட்டார். இரண்டு பிட்சுக்கு மேல் சுடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தோம். அதை உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். சகதிக்குள் உன் பக்கத்தில் நிற்பேன். வாத்துகள் வளைந்து வரும்போது உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "வரட்டும், வரட்டும்" என்பேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய். சில நாள் வராமலே போய்விடும். வெறுங்கையோடு காரில் ஏறுவோம். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாய்.

சோக்கைப் பற்றியும் கேட்டாய். குழாயின் வாயில் திருகிப் பொருத்தும் அந்தச் சின்ன வளையம் குண்டுகள் பரவாமல் பிடித்து அனுப்பும். இருப்பதிலேயே குறுகலான முழுச் சோக்கு போட்டால் இன்னும் தூரம் போகுமே என்றாய். என் துப்பாக்கியில் இருக்கும் முழுச் சோக்கு களிமண் தட்டுக்கு, ஈயக் குண்டுக்கு. பெரிய ஸ்டீல் குண்டை அதன் வழியாக விட்டால் குழாய் வாய் வீங்கிப்போகும். ஸ்டீல் தானாகவே நெருக்கமாகத்தான் போகும், நடுத்தரச் சோக்கு போதும். நம்பவில்லையென்றால் ஒரு பிரிட்ஜ் அட்டைப் பெட்டியை எடுத்து, அதில் நிஜ அளவில் ஒரு கூஸ் வரைந்து, இரண்டு பிட்ச் தூரத்தில் ஒரு தடவை, பவுண்டரியில் ஒரு தடவை சுட்டுப் பார். பவுண்டரி அட்டையில் தலைக்கும் நெஞ்சுக்கும் எத்தனை ஓட்டை என்று பார். வயிற்றிலும் இறக்கையிலும் எத்தனை என்று பார். அதைப் பார்த்த பிறகு என்னிடம் தோட்டா கேட்க மாட்டாய்.

அதுதான் என் பதில், கதிர். தூரத்துக்கு என்று ஒரு தோட்டா கிடையாது. பறவையை வரவிட வேண்டும், இல்லையென்றால் போகவிட வேண்டும். எங்கே விழும் என்று பார்க்காமல் சுடக் கூடாது. முதலை இருக்கிறது என்றால் தண்ணீருக்குள் இறங்காதே, நானே உன்னை இறங்க விடமாட்டேன். ஆனால் முதலை இருப்பது சுடுவதற்கு முன்பே உனக்குத் தெரியும் அல்லவா?

உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நீ பதினோராவது படித்துக்கொண்டிருந்தாய். மத்தியானம் உனக்கு மேட்ச். காலையில் நீ சுட்ட வாத்து ஒன்று இறக்கை ஒடிந்து நாணலுக்குள் விழுந்தது. நான் உன்னைக் கரையேற விடவில்லை. தேடு என்றேன். இடுப்பளவு சகதி, முள், அட்டை. ஒரு மணி நேரம் கழித்து நீ கத்தினாய். ஒரு வாத்துக்காக என் டீம் எல்லாம் காத்துக்கொண்டு நிற்கிறது, உனக்குப் புரியவே இல்லை என்று இங்கிலீஷில் கத்தினாய். நான் தேடிக்கொண்டே இருந்தேன். உன் மேட்ச் முடிந்திருக்கும் நேரத்தில் நீதான் அதைக் கண்டுபிடித்தாய். உயிரோடு இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சொல்லிக் கொடுத்தபடி நீயே அதன் கழுத்தைத் திருகினாய். கார் வரைக்கும் அதை யாரிடமும் கொடுக்காமல் நீயே தூக்கிக்கொண்டு வந்தாய்.

அன்றைக்கு ராத்திரி அப்பா மிளகு போட்டு வறுத்தார். வழக்கம்போல பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கறி மேல் ஓட்டி ஓட்டி ஸ்டீல் குண்டு இருக்கிறதா என்று தேடினார். ஒரு தடவை பல் உடைந்ததிலிருந்து அவருக்கு அந்தப் பயம். எல்லாக் குண்டையும் எடுத்துவிட்டதாகச் சொன்ன அன்றைக்குத்தான் உனக்கு ஒன்று அகப்பட்டது. துப்பிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாய். அப்போது மனதுக்குள், இவனிடம் துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் வீடியோவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு நல்ல ஸ்கூலில் இடம் கிடைக்க வேண்டும் என்று ஸ்கூல் ஸோனுக்காக இந்த வீட்டை வாங்கினோம். நைட் ஷிப்ட், டபுள் ஷிப்ட் என்று ஓடினேன். நீ படித்தாய், போய்விட்டாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளைகள் போகத்தான் வேண்டும். இவ்வளவு பெரிய வீட்டில் அப்பா ஒரு மூலையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிறார், நான் இன்னொரு மூலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருக்கிறேன். இதெல்லாம் எதற்காக என்று யாராவது கேட்டால் உன்னைத்தான் காட்ட முடியும். அதனால்தான் அந்த "லீவ் இட்" எனக்குத் தாங்கவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு வலித்தது. துப்பாக்கியை விற்றுவிடச் சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன்.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. கண் எரிந்ததால் நிறுத்திவிட்டுப் படுத்தேன். இன்றைக்குக் காலையில் டீலருக்குப் போன் போடப் போகிறேன், விற்கத்தான் சொல்லப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். அவர் கத்தியைக் கீழே வைத்தால் எதையோ மறைத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

"மறுநாள் காலைல ஒரு ஆள்கிட்ட போட் கேட்டு வாங்கிட்டுத் திரும்பப் போயிருக்கான்" என்றார். "வேலைக்கு லீவு போட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் தேடிருக்கான். கெடைக்கல. அழுதான். அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னான்."

அப்படியென்றால் எதற்கு என்னிடம் இன்னும் தூரம் சுடுவதற்குத் தோட்டா கேட்டான் என்று கேட்டேன். நீ தூரம் சுடக் கேட்கவில்லையாம். அந்தத் தூரத்தில் சுட்டால் காயம் படாமல் ஒரேயடியாகச் சாக எது வேண்டும் என்றுதான் கேட்டாயாம். அடிபட்டுப் போகாமல் இருக்க என்ன வழி என்று கேட்டவனிடம், நான் "பாக்கலாம்" என்று சொல்லிப் போனை நீட்டியிருக்கிறேன்.

மேலே எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. நேற்று எனக்கு அப்படித்தான் இருந்தது, அது உனக்குத் தெரிந்துவிட்டுப் போகட்டும். பதிலிலும் ஒன்றும் மாறவில்லை. நீ எதற்காகக் கேட்டிருந்தாலும் பவுண்டரி தூரத்தில் ஒரேயடியாகச் சாகடிக்கிற தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. கிட்டே வருவதற்குக் காத்திருப்பதுதான் அந்தத் தோட்டா. ஆனால் போட் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாய் பார், அதை உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சகதியில் நான் உன்னை நிற்க வைத்தேன், போட்டில் நீயாக ஏறியிருக்கிறாய். கிடைக்கவில்லை என்பதற்காக அழாதே என்று சொல்ல மாட்டேன். அழு. ஆனால் அடுத்த தடவை அப்பாவிடம் மட்டும் அழாதே.

டீலரிடம் பேசிவிட்டேன். துப்பாக்கி உன் பெயருக்கு வருகிறது. பேப்பர் எல்லாம் முடிய கொஞ்ச நாள் ஆகும் என்றார். வந்ததும் முதலில் அட்டையில் சுட்டுப் பழகு. என் தோளுக்கு ஏற்றபடி பின்கட்டையைக் குட்டையாக்கி வைத்திருக்கிறேன், உன் கைக்குப் பத்தாது, அங்கே யாரிடமாவது கொடுத்து நீட்டிக்கொள். நடுத்தரச் சோக்கும் திறந்த சோக்கும் பெட்டிக்குள் இருக்கும். முழுச் சோக்கை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அது என் சொட்டு மருந்து இருக்கும் டிராயரில் இருக்கிறது. அது உனக்குக் கிடையாது, கேட்காதே. அப்பா ஒரு சேதி சொல்லச் சொன்னார். புரட்டாசியில் சுட்டு ப்ரீசரில் வைத்துவிட்டு ஐப்பசியில் தின்றால் தோஷம் இல்லையாம். இதை எந்தச் சாஸ்திரத்தில் படித்தார் என்று நான் கேட்கவில்லை. காந்தத்தையும் அனுப்பச் சொன்னார், அனுப்புகிறேன்.

உன் வீட்டில் இடம் இருந்தால் அடுத்த கூஸ் சீசன் தொடங்கும்போது அங்கே வருகிறேன். டிக்கெட்டை அப்பா பார்க்கிறார், அவரும் வருவார், சமையல்கட்டை அவரிடம் விட்டுவிடு. நான் சுட வரவில்லை, என்னிடம் லைசென்ஸும் இருக்காது. என் கண்ணில் நடுப்பக்கம்தான் மங்கல், ஓரமெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. எது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியும். காதும் நன்றாகக் கேட்கிறது. ஒரு மடக்கு நாற்காலி மட்டும் எடுத்து வை. முதலை இல்லாத கரையாகப் பார்த்து, விழுந்தால் எடுக்க முடிகிற இடமாகப் பார்த்து உட்காருவோம். அவை வளைந்து வரும்போது உன் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன். என் கை முன்னைப்போல இறுக்கமாக இருக்காது, உதறிவிடாதே. நான் "வரட்டும்" என்று சொல்வேன். நீ காத்திரு.

அம்மா